தாங்குவது யார் கடமை?

மனத்துன்பத்தைப் பற்றிய ஆங்கில நூல்கள் இந்நாளில் கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒரு வகை, 'நீ வலியவன். தாங்கி நின்று மீண்டெழு' என்கிறது. மற்றொரு வகை, 'நீ புண்பட்டவன். முதலில் அப்புண்ணை அறி' என்கிறது. இவ்விரண்டில் எதை வாங்குவது என்று படித்த இளைஞர் சிலர் நம்மை வினவுகின்றனர். விலையையும் பக்கத்தையும் பார்த்து விடை கூறத்தக்க வினா அன்று இது. துன்புற்றவனிடம் எதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்னும் அறவினா இதனுள் அடங்கியுள்ளது.

'ட்ராமா' என்பது கிரேக்க மொழியில் காயத்தைக் குறிக்கும் சொல். உடற்காயத்துக்கு வழங்கியது பின்னாளில் மனத்துக்கும் வழங்கலாயிற்று. வியட்நாம் போரினின்று திரும்பிய சிப்பாய்கள் முறையிட்ட பின்னரே, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இத்துன்பத்தைத் தன் நோய்ப்பட்டியலில் தனிப்பெயரிட்டுச் சேர்த்தது. 1992-இல் ஜூடித் ஹெர்மன் என்னும் மருத்துவ அம்மையார் 'ட்ராமா அண்ட் ரெக்கவரி' என்ற நூலை எழுதினார். போர்க்களத்தில் சிப்பாய்க்கு நேர்வதும், சொந்த வீட்டிலேயே அடிபடும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் நேர்வதும் ஓரினத்தவையே என்பது அவர் கொள்கை. மீட்சிக்கு அவர் மூன்று படிகள் கூறுகிறார். பாதுகாப்புப் பெறுதல் முதற்படி. நடந்ததை நினைந்து துக்கித்தல் அடுத்தது. மக்களோடு மீண்டும் இணைதல் மூன்றாவது. அடிப்பவன் இன்னும் வாசலில் நிற்கையில், அடிபட்டவளுக்கு மன அமைதியைப் போதிப்பது முதற்படியைத் தாண்டிக் குதிப்பதாகும். நம்மவர் குடும்பப் பஞ்சாயத்துகளில் இவ்வாறு குதிப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது!

2014-இல் வெளிவந்த பெஸல் வான் டெர் கோல்க்கின் 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' இதனினும் பெரும்பெயர் பெற்றது. திடுக்கிடலும் உறக்கமின்மையும் கோழைத்தனம் அல்ல, அச்சம் உடலில் தங்கிய அடையாளம் என்று அது விளக்குகிறது. அவ்வளவில் நன்று. ஆயின், அடியோடு மறந்த நினைவுகள் பிற்காலத்தில் மீள்வது பற்றி அதில் கூறப்படுவதை ஆராய்ச்சியாளர் பலர் ஏற்பதில்லை. இந்நூல் ஒன்றை மட்டும் படிப்பவன் தன்னை வாழ்நாள் நோயாளி என்று எண்ணிவிடவும் கூடும்.

அவ்வெண்ணத்துக்கு மாற்று மருந்து ஜார்ஜ் பொனான்னோ 2021-இல் வெளியிட்ட 'தி எண்ட் ஆஃப் ட்ராமா'. உற்றாரை இழந்தோரையும், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப்பின் நியூயார்க் நகரத்தாரையும் ஆராய்ந்தவர் அவர். பெருந்துன்பத்துக்கு உட்பட்டோரில் பெரும்பாலோர் நெடுநாள் நோயில் வீழ்வதில்லை என்று கண்டார். ஒருகாலத்தில், பேரழிவு நேர்ந்தவுடன் எல்லாரையும் கூட்டி நடந்ததை விவரிக்கச் செய்யும் முறை பரவியிருந்தது. அது பின்வரும் நோயைத் தடுக்கவில்லை என்பதையும், சிலருக்குத் தீங்கே விளைக்கக்கூடும் என்பதையும் ஆய்வுகள் காட்டின. ஆகவே, அழாதவனைக் கல்நெஞ்சன் என்பதும், பேசாதவனைப் பேசவைப்பதும் முறையல்ல.

எனினும், 'பெரும்பாலோர் தாங்குகின்றனர்' என்னும் உண்மை எளிதில் 'நீ ஏன் தாங்கவில்லை?' என்னும் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. நாம் நூற்பாலையில் பல்லாண்டு நின்றவர்கள். ரிங் பிரேமில் இழை அறுந்தால் இணைப்பது தொழிலாளியின் வேலை. ஒரே கதிரில் ஓயாமல் அறுந்தால், அறிவுள்ள மேஸ்திரி இழையை வைவதில்லை. உருளையைப் பார்ப்பார், கதிரைப் பார்ப்பார், காற்றில் ஈரம் குறைந்ததா என்று பார்ப்பார். மனிதர் திரும்பத் திரும்ப அறும்போது மட்டும் மனவுறுதி வகுப்பு நடத்துகின்றனர். வேலைச்சுமையை ஏற்றியவரே அவ்வகுப்புக்கும் ஏற்பாடு செய்வதுண்டு. தாங்கும் வலிமையைத் தனக்குத்தானே தேடுபவனுக்கு அது செல்வம். துன்பம் செய்பவனே அதனைப் பிறனுக்கு உபதேசிப்பானாயின், அது இரண்டாவது அடி.

எம்மி வெர்னர் என்னும் அம்மையாரின் ஆராய்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை அவர் குழுவினர் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். வறுமையும் வீட்டுச் சச்சரவும் சூழ வளர்ந்தவருள்ளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையினராய் வளர்ந்தனர். அவர்களது இயல்பும் அதற்கு உதவியது உண்மையே. அதனோடு, பாட்டியோ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ, கைவிடாத ஒருவர் அவர்களுக்கு வாய்த்திருந்தார். தனிமனித வலிமையைப் புகழும் மலிவு நூல்கள் இந்தப் பாட்டியைச் சொல்வதேயில்லை.

ஆகலின், நம் தேர்வு இது. துன்பம் இன்னும் தொடர்வோரும் அவர்க்குத் துணை நிற்போரும் ஹெர்மனைப் படிக்கட்டும். துன்பம் முடிந்தும் தம்மை உடைந்தவராகவே கருதுவோர் பொனான்னோவைப் படிக்கட்டும். வான் டெர் கோல்க்கை மூன்றாவதாக, ஐயத்தோடு படிக்கலாம். ஆங்கிலம் அறியாதார்க்கு அறிந்தவர் வாய்விட்டுப் படித்துப் பொருள் கூறலாம். மாலை வேளைகளில் அதற்கு நேரமுண்டு.

உறக்கமும் உணவும் கெட்டு வாரக்கணக்கில் துன்புறுவோர் கையில் எந்நூலையும் திணிக்க வேண்டா. அரசு மருத்துவமனைக்கு உடன் சென்று வருக. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.