முதியோரும் தேகப் பயிற்சியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பள்ளிவாசலில் ஸப்பின் ஓரத்தில் போட்டிருக்கும் நாற்காலிகளை நாம் அன்றாடம் காண்கிறோம். ஒரு காலத்தில் கிள்ளான் துறைமுகத்திலே மூட்டை தூக்கியவர்களும், விடியுமுன் எழுந்து சாப்பாட்டுக் கடையில் அடுப்பு மூட்டியவர்களும் இன்று அவற்றில் அமர்ந்து தொழுகிறார்கள்.

ஹஜ்ரத் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் வருந்தியபோது, எவ்வாறு தொழுவதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும். இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழலாம் என்று வழிகாட்டினார்கள். புகாரி ஷரீபில் வந்துள்ள செய்தி இது. தொழுகையை விட்டுவிடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உடலுக்கேற்ப முறை மாறியது, கடமை நிலைத்தது.

இந்த நியாயத்தைத் தேகப் பயிற்சியில் நாம் மறந்துவிட்டோம். வீட்டில் பெரியவர் ஒரு வாளியைத் தூக்கினாலும், "அத்தா! உங்களுக்கேன் சிரமம்? உட்காருங்கள்" என்கிறோம். மரியாதை என்ற பெயரால் அவர்களின் கால்களை நாமே கட்டிப்போடுகிறோம். உழைக்காத தசை மெலிகிறது, தடுமாற்றம் வருகிறது. ஒரு நாள் குளியலறையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. பின்னர் விழுந்துவிடுவோமென்ற அச்சமே அவரை வீட்டிற்குள் முடக்குகிறது. அச்சத்தோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது.

65 வயதைக் கடந்தவர்களும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை இயக்கவேண்டும். மூன்று நாட்களேனும் தடுமாறாமல் நிற்பதற்கும் வலுவுக்குமான பயிற்சிகள் செய்யவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. இயலாதவர் இயன்ற மட்டும் செய்யட்டும் என்பதும் அதன் கருத்தே.

இயன்ற மட்டும் ஆடுவதற்கென்றே விளையாட்டுகள் இருக்கின்றன. 2011-இல் இங்கிலாந்தின் செஸ்டர்பீல்டு நகரில் முதியோருக்காக நடைக் காற்பந்து தொடங்கியது. அதில் ஓடினால் குற்றம்; நடந்தே ஆடவேண்டும். போச்சியா என்னும் ஆட்டத்தை நாற்காலியில் அமர்ந்தபடியே ஆடலாம். வெள்ளைப் பந்துக்கு அருகே யாருடைய பந்து போய் நிற்கிறதோ அவருக்கே புள்ளி. 1984 முதல் அது பாராலிம்பிக் போட்டிகளிலும் இடம்பெற்றிருக்கிறது.

விளையாட்டு நமக்குத் தகுமா என ஐயுறுவோர், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதை நினைக்கட்டும். உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டென்று தோழருக்கு உணர்த்தியதும் அந்தப் பெருமானார்தாம். அந்த உரிமை 60 வயதோடு முடிந்துவிடுமா?

ஆகவே அசருத் தொழுகைக்குப்பின் அரைமணி நேரம் ஒதுக்குவோம். பத்து நாற்காலிகளும் சில பந்துகளும் போதும். இருதய நோயும் மூட்டுவலியும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும். தாய்மார்களுக்குத் தனி நேரம் வகுப்போம். வாலிபர்களே! நாற்காலியைத் தூக்கிப் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். எதிரே அமர்ந்து நீங்களும் ஆடுங்கள். பெரியவர்கள் வேண்டுவது பந்தை மட்டுமல்ல, உங்கள் துணையையும்தான்.

அல்லாஹ் நம் முதியோர்க்கு ஆரோக்கியமான நீண்ட ஆயுளையும், அவர்களின் ஹக்கை நிறைவேற்றும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.