கத்தி எதை அறுக்க வேண்டும்?

என் தாய்மாமனை எங்கள் ஊர் நாத்திகர் என்றே நம்பியிருந்தது. நாகர்கோவில் பக்கத்தில் பிறந்தவர். சுசீந்திரமும் கன்னியாகுமரியும் அருகிலேயே இருந்தும், வாலிப வயதிலிருந்தே அந்தக் கோவில்களுக்குள் காலடி வைக்காதவர். குடும்பத்தில் ஒரு பகுத்தறிவாளர் இருக்கிறார் என்று நானும் பெருமைப்பட்டேன். சென்ற விடுமுறையில்தான் உண்மை வெளிவந்தது.

“மருமகனே! நான் கோவிலுக்குப் போகாததற்குக் கொள்கை காரணமன்று. அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். என்னால் கழற்ற முடியாது!”

அவருக்கு வயது 47. பதினான்காம் வயதில் மார்பு பருத்தது, வடியவில்லை. பள்ளியில் ஒரு பெண் பெயரைப் பட்டமாகச் சூட்டினர். சூட்டியவர்கள் மறந்துவிட்டனர், சூடியவர் மறக்கவில்லை! அன்று முதல் ஆற்றில் நீராடியதில்லை. கொளுத்தும் கோடையிலும் சட்டைக்குள்ளே இறுக்கமான பனியன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் மருத்துவரிடம் காட்டினார். சோதனைகளில் வேறு நோய் இல்லை. விரும்பினால் அறுவை செய்யலாம் என்று விடை கிடைத்தது. “இந்த வயதில் இதற்குப்போய்க் கத்தி வைத்துக்கொள்வது அறிவா, அற்ப ஆசையா? படித்தவன் நீ, சொல்!” என்றார்.

சொன்னேன். இல்லை, சொற்பொழிவாற்றினேன்! “ஊர் நகைக்கிறது என்பதற்காக உடலை அறுத்துக்கொடுப்பது அடிமைத்தனம் மாமா! திருத்தப்பட வேண்டியது உங்கள் மார்பன்று, சமுதாயம்” என்று முழங்கினேன். அமைதியாகக் கேட்டார். பிறகு கேட்டார்: “சமுதாயம் திருந்தும் நாள் வரையில் இந்தப் பனியனோடு இரு என்கிறாயா?”

வாயடைத்து நின்றேன். அந்த வாயடைப்பு எழுப்பிய கேள்விகளே இக்கட்டுரை.

முதலில், அறிவியல் என்ன சொல்கிறது? பெண்மைச் சுரப்பு எனப்படும் ஈஸ்ட்ரோஜன் ஆணின் உடலிலும் உண்டு. ஆண்மைச் சுரப்பு எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணின் உடலிலும் உண்டு. ஆணின் உடலில் இவ்விரண்டின் சமநிலை சாய்ந்தால் மார்பிலுள்ள சுரப்பித் திசு வளர்கிறது. பிறந்த குழந்தைக்கு வரலாம், பருவச் சிறுவர் பலருக்கு வந்து, பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தானே மறையும், முதுமையிலும் வரலாம். கல்லீரல் நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, விரைக் கட்டி, ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். வெறும் கொழுப்பெனில் உடற்பயிற்சியால் குறையலாம். நெடுநாள் நின்று நாராக இறுகிய சுரப்பித் திசுவோ பயிற்சிக்கும் அசையாது, மருந்துக்கும் எளிதில் இணங்காது. ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி தோன்றினாலோ, காம்பில் குருதி கசிந்தாலோ தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். மார்பகப் புற்றுநோய் அரிதாக ஆண்களுக்கும் வரும். விளம்பரத் தைலங்கள் வளர்ப்பது விற்பவரின் பணப்பையை மட்டுமே!

ஆக, இது பாவமன்று, முன்வினையன்று, பேடிமையுமன்று. உடலின் கணக்கில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம். பிறகு ஏன் இத்தனை வெட்கம்?

மருத்துவம் இதற்கு இட்ட பெயரைப் பாருங்கள்: கைனகோமாஸ்டியா. கிரேக்கத்தில் ‘பெண் மார்பு’ என்று பொருள். ஏழாம் நூற்றாண்டிலேயே ஈஜினாவின் பவுலஸ் என்னும் கிரேக்க மருத்துவர், மார்பின் கீழே பிறைபோல் கீறிக் கொழுப்பை நீக்கித் தைக்கும் முறையை எழுதிவைத்தார். அறுப்பதற்கு அவர் காட்டிய காரணம் வலியன்று. பெண்தன்மை என்னும் பழி! பெண்ணைப்போல் இருப்பது பழி என்றால், பெண்ணாக இருப்பது என்ன? என் மாமனைக் குத்திய ஈட்டி, அவரைக் குறிவைத்துச் செய்யப்பட்டதன்று. பெண்ணினத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. ‘ஆண்மை’ என்ற சொல்லே பெண்ணை இழிவுசெய்கிறது என்று பெரியார் இடித்துரைத்ததன் பொருள், என் வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

அப்படியானால் அறுவை வேண்டாமா? இங்கேதான் நான் தவறினேன். என் கொள்கைக்கு வேறொருவர் உடலை விலையாகக் கேட்டேன்! எங்கள் மண்ணின் வரலாறே எனக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டும். திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாகாது என்று தடுத்தனர். அவர்கள் போராடி, 1859-ஆம் ஆண்டில் மேலாடை உரிமையைப் பெற்றனர். அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனையோடு! மூடாதே என்று அன்று பெண்ணை மிரட்டியது ஆதிக்கம். கழற்று என்று இன்று கோவில் வாயிலில் ஆணுக்குக் கட்டளையிடுகிறது வழக்கம். அறுக்காதே என்று மேடைக் குரலில் ஆணையிட்டவன் நான்! மூவரும் மறந்தது ஒன்றைத்தான்: உடலுக்குரியவர் உடையவரே.

எனவே அறுவை அற்பமுமன்று, அடிமைத்தனமுமன்று. அறிந்து தேர்ந்தால் அது உரிமை. அறிந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். தழும்பு தங்கலாம், குருதி கட்டலாம், உணர்ச்சி மரத்துப்போகலாம், இரு பக்கமும் ஒன்றுபோல் அமையாமலும் போகலாம். கத்தி சதையை எடுக்கும், பட்டப்பெயரை எடுக்காது. பட்டப்பெயரை அறுக்கும் பொறுப்பு யாருடையது?

ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் எட்டாம் வகுப்பில், மார்பு சற்றுப் பருத்த மாணவன் ஒருவனைப் பிள்ளைகள் ஒரு பெண் பெயரால் அழைத்தனர். நான் கண்டிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டேன். அச்சிறுவன் என் முதுகைப் பார்த்திருப்பான். முதுகு குலுங்கியதையும் பார்த்திருப்பான்!

விடுமுறை முடிந்து திரும்பியதும், எவர் பெயரையும் சுட்டாமல், பருவ வளர்ச்சியைப் பாடமாக நடத்தினேன். முடிவில் கேட்டேன்: “பெண் பெயர் எப்படி வசையாகும்? உங்களைப் பெற்றவளின் பெயரும் பெண் பெயர்தானே!” வகுப்பு தலைகுனிந்தது. அவன் தலை மட்டும் நிமிர்ந்தது.

மாமா அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். உடனிருக்கப் போகிறவன் நான். மருத்துவரின் கத்தி தன் வேலையைச் செய்யும். தோழர்களே, நம் நாவிலுள்ள நகையாடலை அறுக்கும் வேலையோ நம்முடையது. அதற்கு மயக்க மருந்து கிடையாது, வலிக்கத்தான் செய்யும். எனினும் அறுத்தே ஆக வேண்டும்!