கொம்பைப் பிடிக்கும் கை

செம்மறிக் கிடாவைப் பிடிக்கப் போகிறவரின் கை முதலில் கொம்பைத்தான் தேடும். முறுக்கேறி வளைந்து, பிடிப்பதற்கென்றே முளைத்ததுபோல் அது நிற்கிறது. ஆனால் ஆட்டின் உடலில் பிடிக்கத் தகாத இடங்களில் முதலாவது அதுதான். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனப் பாலாற்றுப் படுகையில் பரவிய தோல் தொழில் வட்டாரத்திலும் ஆடு வளர்ப்பவர்கள் குளம்பு சீவவும், குடற்புழு மருந்து ஊற்றவும், தடுப்பூசி போடவும், கன்னத்தைக் குத்தும்படி வளைந்த கொம்பு நுனியை அறுக்கவும் ஆண்டுக்குப் பலமுறை ஆட்டை வலுவில் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஓர் உயிரை அதன் நன்மைக்காகவே பலவந்தம் செய்வது இம்சையில் சேருமா? பட்டி வாசலில் எழும் இந்தக் கேள்விக்கு இங்கே வேரூன்றிய சமயங்கள் ஒவ்வொன்றும் ஒரு விடை வைத்திருக்கின்றன.

கேள்வியை எடைபோடக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும். கொம்பின் மேலுறை நகம்போல உணர்வற்றது. உள்ளே இருப்பது மண்டையோட்டோடு ஒட்டிய எலும்பு. அதில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. இளங்கிடாவின் கொம்பைப் பற்றி இழுத்தால் உறை கழன்றோ அடியில் முறிந்தோ ரத்தம் கொட்டும். முதிர்ந்த கிடாவின் கொம்பு நெம்புகோல்போல. இழுக்கிற இழுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கும். பழகிய கை வேறு விதமாகப் போகும். ஆட்டைத் தனியே துரத்தாமல் நாலைந்து ஆடுகளோடு சேர்த்து மூலைக்கு ஒதுக்குவார்கள். கூட்டம் கண்ணில் படும்வரை ஆட்டுக்குப் பாதிக் கலவரம் குறைவு. ஒரு கை தாடைக்குக் கீழே, மறு கை பின்தொடைக்குப் பின்னால். தலை நிமிர்ந்திருக்கும்வரை கிடாவால் பாயவும் முடியாது, முட்டவும் முடியாது. உடலைச் சுவரோடு அணைத்து முழங்காலால் தாங்கினால் பெரும்பாலும் கயிறே வேண்டியதில்லை. கொம்பைத் தொட்டே ஆகவேண்டுமென்றால் அடிப்பகுதியில், அசையாமல் நிறுத்த மட்டும். மருந்து ஊற்றும்போதோ நிமிர்த்திய தலையைக் கிடைமட்டத்துக்கு இறக்கிவிட வேண்டும். அண்ணாந்த வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். குளம்பு பார்க்க ஆட்டைப் பிட்டத்தில் உட்காரவைப்பது உண்டு. சினை ஆட்டுக்கும், வயிறு முட்ட மேய்ந்து வந்த ஆட்டுக்கும் அது ஆகாது.

புராணம் இவ்வளவு பக்குவம் பார்ப்பதில்லை. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் தகரேறு படலம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. தகர் என்றால் ஆட்டுக்கிடா. நாரதர் செய்த வேள்வியில் தோன்றி உலகங்களைக் கலக்கிய கிடாவை முருகனின் படைத்தலைவர் வீரவாகு கொம்பைப் பற்றி இழுத்து வருகிறார். முருகன் அதை ஊர்தியாக்கிக்கொள்கிறான். பட்டிக்கு வீரவாகுவின் பிடி உதவாது. கதையில் கவனிக்க வேண்டியது, அடக்கிய பின் கிடா கொல்லப்படவில்லை என்பது. அடக்குவது வேறு, அழிப்பது வேறு என்ற பிரிவு அங்கே இருக்கிறது. திருவள்ளுவரும் இன்னா செய்யாமையையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாகத்தான் வைத்தார். பிடித்தலைப் பற்றிய கேள்வி அவற்றில் முதலாவதைச் சேர்ந்தது.

இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் சமணர்கள். அவர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்லர்: காட்பாடிக்கு வடக்கே உள்ள வள்ளிமலையில் வள்ளி முருகன் கோயிலும் உண்டு, கங்க மன்னர் காலத்துச் சமணச் சிற்பங்களும் உண்டு. உமாசுவாதி எழுதிய சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களை எண்ணுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். கட்டுவதே முதலில் வருகிறது. அப்படியானால் ஆடு மாடு வைத்திருக்கும் எவரும் விரதம் காக்க முடியாதே என்ற இடர்ப்பாட்டைப் பிற்கால உரைகள் உணர்ந்தன. காரணத்தோடு கட்டுவதையும் காரணமின்றிக் கட்டுவதையும் அவை பிரித்தன. காரணத்தோடு கட்டுவதிலும் இரக்கத்தோடு கட்டுவதை வேறாக வைத்தன. தீப்பற்றினால் விலங்கு விடுபடும்படி முடிச்சு தளர்வாக இருக்க வேண்டும் என்பது அந்த இரக்கத்துக்கு அடையாளம். கட்டுகிறவரின் மனத்தை முடிச்சில் பார்க்கலாம் என்ற இந்த எண்ணம், இந்தப் பொருளில் சொல்லப்பட்டவற்றுள் மிகக் கூர்மையானது.

சம்மதம் என்ற பக்கத்திலிருந்தும் கேள்வியை அணுகலாம். கிராம தெய்வங்களுக்குக் கிடா வெட்டும் முன் மஞ்சள் நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்க்கும்வரை காத்திருக்கிறார்கள். சிலிர்ப்பதே உத்தரவு. நனைந்த ஆடு சிலிர்க்காமல் என்ன செய்யும் என்று கேட்கலாம்தான். ஆனாலும் கேட்க வேண்டும் என்ற கூச்சம் அந்தச் சடங்கில் இருக்கிறது. சாவுக்கு உத்தரவு கேட்கும் அதே ஊர் ஊசிக்குக் கேட்பதில்லை. அதில் முரண்பாடும் இல்லை. வெட்டில் ஆட்டுக்கு ஆதாயம் கிடையாது, ஊசியில் உண்டு. குழந்தையைக் காலிடுக்கில் கிடத்திப் பாலாடையில் மருந்து புகட்டும் தாயிடம் யாரும் சம்மதக் கணக்குக் கேட்பதில்லை.

தோல் வட்டாரத்தில் இந்த உவமை இடறுகிறது. தாய் குழந்தையின் தோலை விற்பதில்லை. ஆடு இங்கே உயிரோடு இருக்கும்போதே தோலாகவும் எண்ணப்படுகிறது. முள் கிழித்தது, கிடா குத்தியது, உண்ணி கடித்தது, அம்மை கண்டது, ஊசி போட்ட இடம் கட்டி வைத்தது எல்லாம் மயிர் நீக்கிப் பதனிட்டபின் மேற்பரப்பில் தெரியும். அந்தத் தோல் தரம் பிரிக்கையில் கீழே போகும். மயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் அடியில் ரத்தம் கட்டும். தோலுக்குப் பேர்போன மேச்சேரி ஆட்டுக்குப் பெரும்பாலும் கொம்பு கிடையாது; சென்னைச் சிவப்பு இனத்திலோ கிடாக்களுக்கு வலுத்த கொம்பு உண்டு, ஆகவே அங்கே கையின் பக்குவம் கூடுதலாக வேண்டும். மென்மையான பிடிக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கும்போது அதைக் கருணை என்று சொல்லலாமா? நோக்கத்தை மட்டும் எடைபோட்டால் சொல்ல முடியாது. ஆனால் தாடைக்குக் கீழே கை வைக்கும் லாபக்காரரைவிட, கொம்பைத் திருகும் பக்தர் ஆட்டுக்கு நல்லவர் ஆகிவிட மாட்டார்.

இந்தத் தொழிலில் முன்னிற்கும் முஸ்லிம்களின் மரபு நோக்கத்தோடு முறையையும் சேர்த்தே கேட்கிறது. நபிகள் நாயகம் கொம்புள்ள இரண்டு கிடாக்களைத் தம் கையால் குர்பானி, அதாவது பலி, கொடுத்ததாகவும், அவற்றின் விலாப்புறத்தில் பாதத்தை வைத்துக்கொண்டதாகவும் ஹதீஸ் தொகுப்புகள் சொல்கின்றன. பிடித்து நிறுத்துவதை அந்த மரபு மறைக்கவில்லை. அறுப்பதிலும் செம்மை வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும், விலங்கின் கண்ணெதிரே அதைத் தீட்டக் கூடாது. காலைப் பிடித்து அறுக்கும் இடத்துக்கு இழுத்துச் செல்வதை ஹனஃபி சட்ட நூல்கள் மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது, என்கின்றன. பிறவியிலேயே கொம்பில்லாத ஆடு குர்பானிக்கு ஆகும்; கொம்பு வேரோடு முறிந்தது ஆகாது. சில நிமிடங்களில் சாகப்போகும் ஆட்டுக்கே இவ்வளவு என்றால், ஊசி போட்டபின் மந்தைக்குத் திரும்பப்போகும் ஆட்டுக்கு எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் அடிப்பதையும், விலங்கைத் தேவையில்லாத நேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதையும் குற்றமாக்குகிறது. பிடிக்கும் கையின் பக்குவத்தை அது சொல்லித்தருவதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பலவந்தம் என்பதாலேயே ஒரு பிடி இம்சை ஆவதில்லை. வேலைக்கு வேண்டியதற்கு மேல் அழுத்தும்போதும், வேலை முடிந்தபின் நீளும்போதும் ஆகிறது. விடுவதிலும் முறை உண்டு. திமிறும்போதே விட்ட ஆடு, திமிறினால் தப்பலாம் என்று கற்றுக்கொண்டு அடுத்த முறை இன்னும் கடுமையாகப் பிடிக்க வைக்கும். நான்கு காலும் தரையில் ஊன்றி உடல் அடங்கியபின், தலையை மந்தையின் பக்கம் திருப்பிக் கையை எடுக்க வேண்டும்.