பொருத்தம் வேறு, இஷ்டம் வேறு

நல்லது என்பது எல்லோருக்கும் ஒன்றேதானா, ஆளுக்கு ஆள் மாறுமா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. மாறும் என்று ஒப்புக்கொண்டதுமே, "அப்படியானால் எல்லாம் அவரவர் இஷ்டம்தான்" என்ற முடிவுக்குப் பலர் தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவல் தவறு என்பதே என் வாதம். அதற்கான சான்று ஏட்டில் மட்டுமல்ல, பட்டறையிலும் இருக்கிறது. வண்டியின் உயரத்தையும், அசைவை அடக்கும் டேம்பரையும் திருகி மாற்றக்கூடிய 'காயிலோவர்' சஸ்பென்ஷனுக்கு மாற்று ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பார்த்தாலே போதும்.

ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5 கிலோ எடை கேட்கும் ஸ்பிரிங்கை 5 கிலோ ஸ்பிரிங் என்பார்கள். மூன்று கிலோ நல்லதா, ஐந்தரை கிலோ நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. ஒரு மூலையில் ஸ்பிரிங் 300 கிலோவைத் தாங்குகிறது, அந்த மூலை வினாடிக்கு 1.5 முறை ஏறி இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சக்கரத்தில் கிடைக்க வேண்டிய விறைப்பு சுமார் 2.7 கிலோ. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் ஸ்பிரிங் சக்கரத்தோடு ஏறக்குறையச் சமமாக நகர்வதால் 3 கிலோ ஸ்பிரிங் போதும். சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கும் வேறோர் அமைப்பில் கதை மாறுகிறது. அங்கே அமுங்கும் அளவும் குறைவு, நெம்புகோல் கணக்கில் சக்கரத்துக்கு வந்து சேரும் விசையும் குறைவு. 0.7ஐ 0.7ஆல் பெருக்கினால் ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதிதான் சக்கரத்துக்கு எட்டும். ஆகவே அதே அசைவுக்கு ஐந்தரை கிலோ ஸ்பிரிங் தேவைப்படுகிறது. விடை வண்டிக்கு வண்டி மாறியது. ஆனால் அதை மாற்றியது எடையும் அமைப்பும். யாருடைய ரசனையும் அல்ல.

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலில் இதே இடத்தைத் தொட்டார். பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா விதிப்பதில்லை. அந்த ஆறு, மல்லன் மைலோவுக்குப் போதாது. புதிதாகப் பழக வந்தவனுக்கு அதிகம். கணக்கின் நடு வேறு, நமக்குரிய நடு வேறு என்றார் அவர். 1930களில் காடிலாக் நிறுவனத்தில் பொறியாளர் மாரிஸ் ஓலி, எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய சோதனைக் காரைக் கொண்டு கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக அசைந்தால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடிக்கும். வண்டி முன்னும் பின்னும் ஊசலாடுவது அடங்கும். ஒரே வண்டியில்கூட முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு நியாயமாகாது.

"எல்லோருக்கும் ஒரே விதி இருக்கட்டும், அவரவர் தம்மைச் சரிசெய்துகொள்ளட்டும்" என்று ஒரு மறுப்பு எழும். திருகிச் சரிசெய்யும் வசதிதான் இருக்கிறதே என்பவர்களின் நம்பிக்கையும் இதுவே. ஆனால் திருகினால் வண்டியின் உயரம் மாறும். நேர்விகித ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. விறைப்பை இரட்டிப்பாக்கினால் பழைய அடக்கத்தைக் காக்க டேம்பரின் விசையை ஏறத்தாழ 41 விழுக்காடு கூட்ட வேண்டும். டேம்பரின் திருகுக்கோ எல்லை உண்டு. மனிதரின் அனுசரிப்புக்கும் அப்படியே. நோயாளிக்கும் உடல்பலம் உள்ளவருக்கும் ஒரே நோன்பை விதித்துவிட்டு, தாங்க முடியாதவரைப் பலவீனர் என்பது சமத்துவம் ஆகாது. அளவெடுக்கச் சோம்பிய விதி அது.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. பந்தயத்துக்கா, குடும்பப் பயணத்துக்கா என்ற நோக்கத்தை மனிதர்தானே தீர்மானிக்கிறார், அங்கே இஷ்டம் மறுபடி நுழைந்துவிடாதா? நோக்கத்தில் தெரிவுக்கு இடமுண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நோக்கத்துக்கும் கீழே ஒரு நிபந்தனை மாறாமல் நிற்கிறது: டயர் தரையை விடக் கூடாது. மேடுபள்ளமான பாதையில் ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைத்திருந்தால் சக்கரம் துள்ளிப் பிடிப்பை இழக்கும். பந்தயக்காரருக்கும் அது தோல்விதான், எதிரே வருபவருக்கோ ஆபத்து. வாழ்க்கை முறைகளும் பலவாக இருக்கலாம். துறவி, வணிகர், உழவர் ஆகியோரின் கடமைகள் ஒன்றல்ல. ஆயினும் பிறர் உயிரையும் நம்பிக்கையையும் குலைக்கும் உரிமை எந்த வாழ்க்கை முறைக்கும் இல்லை.

ஆகவே "எனக்கு இது பொருந்தும்" என்று சொல்பவர் தம் சுமையையும் பாதையையும் காட்டக் கடமைப்பட்டவர். "எல்லோருக்கும் இதுவே" என்பவரும் அவற்றை அளந்த பிறகே பேச வேண்டும். அளக்காமல் விதிப்பதும் அளக்காமல் விலக்குக் கேட்பதும் ஒரே பிழைதான்.