கூத்தொழிந்த அரங்கு

ஆடுவார் இல்லாத அரங்கைப் பேணுதல் அறமாகுமா, வீண் முயற்சியாகுமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

கிருட்டிணை யாற்றங்கரையிலே விசயபுரி என்னும் நகர் கி. பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இட்சுவாகு மன்னர்க்குத் தலைநகராய் விளங்கிற்று. பௌத்த விகாரங்களும், புஷ்பபத்திரசுவாமி என்னும் திருப்பெயரால் மகாதேவர் எழுந்தருளிய கோயிலும் ஒருங்கிருந்த ஊர் அது. ஆண்டு நாற்புறமும் கற்பலகை பாவிய படிகள் சூழ, நடுவே களம் அமைந்த அரங்கொன்று இருந்தது. நாகார்ச்சுனசாகர் அணையால் அப்பள்ளத்தாக்கு நீருள் மூழ்கும் என்பது தெளிந்து, தொல்பொருள் துறையினர் 1954 முதல் 1960 வரை அகழ்ந்து ஆராய்ந்தனர். அவ்வரங்கு அனுப்பு என்னுமிடத்தில் மீள அமைக்கப்பெற்றது. இன்று காண்பார் வருகின்றனர்; காணுதற்குரிய கூத்து இல்லை.

தருமபுரி மாவட்டத்துத் திரௌபதியம்மன் விழாக்களின் நிலை இதற்கு மறுதலையானது. பாரதக் கூத்துக்கு ஆண்டு வெறுநிலமே அரங்கு. படுகளத்திலே மண்ணாற் செய்த துரியோதனன் உருவம் விழா முடிவில் சிதைந்து மண்ணாகின்றது. அடுத்த விழாவில் மீளவும் வனையப்பெறுகின்றது. களம் அழிகின்றது, கூத்து நிலைக்கின்றது.

தனு கரண புவன போகங்கள் தம்பொருட்டு உளவாவன அல்ல. உயிரின் பொருட்டு இறைவனால் தரப்படுவன என்பது சித்தாந்தத் துணிபு. அரங்கும் அத்தகையதே. அற்றேல், பயன் முடிந்ததனை நீர்வாய்ப்படாது எடுத்துக் காத்தல் இறைவன் ஒடுக்குந் தொழிலுக்கு மாறாகாதோ எனின், ஆகாது. என்னை? காத்தலும் அவன் தொழிலேயாகலின். அன்றியும், முன்னர்க் கூத்தினாற் பயன் தந்த அவ்வரங்கு இன்று தன் வெறுமையினாற் பயன் தருகின்றது. நிறைந்திருந்த அவையும் வீற்றிருந்த அரசும் எங்கே என்று ஒருவன் உள்ளத்தில் வினா எழுமாயின், அதுவே நிலையாமை யுணர்வுக்கு வாயிலாம். அவ்வினா எழாதவழிக் கண்டது கல்லே, பெற்றது ஒன்றுமில்லை.

ஆயினும் கல்லைக் காத்ததனோடு கடமை முடிந்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. கல்லுக்குப் பசியில்லை, கூத்தனுக்கு உண்டு. தஞ்சைப் பெருங்கோயிலைக் கல்லால் எடுத்த சோழர் மரபினர் இதனை அறிந்திருந்தனர். அக்கோயிலில் இராசராசேச்சுர நாடகம் ஆடுதற்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் வகுத்தமையை ஆண்டுள்ள கல்வெட்டு உரைக்கின்றது. கோயிலும் கல்வெட்டும் இன்றும் நிற்கின்றன, நாடகமோ மறைந்தது. நெல் வந்தவரை கூத்து நின்றது. கொடுக்குங் கை ஒழிந்தபின் கல் மட்டும் எஞ்சிற்று.

ஆகலின் அரங்கைப் பேணுதல் அறமே. ஆடுவானைப் பேணுதல் அதனினும் முற்பட்ட அறம். உயிரை மறந்து உடலைப் போற்றுவார் செயலும், கூத்தனை மறந்து அரங்கைப் போற்றுவார் செயலும் ஒருநிகரனவே என்க.