இரண்டு முறை கேட்ட இறைவன்



இன்னும் சில வாரங்களில் நவம்பர் மாதம் பிறந்துவிடும். இறந்தோர் பெயர்களை எழுதித் தரும்படி வழக்கம்போலக் கேட்போம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று மளமளவென எழுதிக் கொடுத்துவிடுவோம். கல்லறைத் திருநாளன்று எந்தக் கல்லறையைக் கழுவ வேண்டும், எங்கே மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து நம் கோவிலுக்கு வரும் தாய்மாரில் சிலர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். போர்க்காலத்தில் காணாமற்போன மகனின் பெயரை இறந்தோர் பட்டியலில் எழுதுவதா, வேண்டாமா? எழுதினால், பெற்றவளே பிள்ளையைச் சாகக் கொடுத்தது போல் ஆகிவிடுமோ என்று பயம். எழுதாவிட்டால், அவனுடைய ஆன்மாவுக்காகச் செபிக்க ஆளில்லாமல் போய்விடுமோ என்று தவிப்பு.

அன்பார்ந்தவர்களே, அந்தத் தாய் நமக்குப் பக்கத்தில்தான் முழந்தாளிட்டிருக்கிறார். சமாதானம் சொல்லும் வேளையில் அவரைப் பார்த்துக் கைகூப்புகிறோம். அவர் இரவில் தூங்குகிறாரா என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறான இன்று, திருச்சபை புலம்பெயர்ந்தோரையும் அகதிகளையும் நினைத்துச் செபிக்கிறது. 1914ஆம் ஆண்டிலிருந்தே தாய்த் திருச்சபை இதற்கென ஒரு நாளை ஒதுக்கி வருகிறது. இந்த மக்களைப் பற்றிப் படிக்க நாம் தொலைதூர நாடுகளுக்குப் போக வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தார்கள். 1990இல் மீண்டும் வந்தார்கள். 2006இல் போர் மூண்டபோது மறுபடியும் வந்தார்கள். 2009இல் போர் முடிந்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000க்கும் மேற்பட்டோர் இன்றும் வாழ்கிறார்கள். பத்துக்குப் பத்தடி அறைக்குள் குடும்பம் நடத்திப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். இப்போது பல இடங்களில் அரசு புது வீடுகள் கட்டித் தந்திருக்கிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் வீடு மாறியவுடன் உள்ளே இருக்கும் காயம் ஆறிவிடுமா?

எலியா இறைவாக்கினரை நமக்கு நன்றாகத் தெரியும். கர்மேல் மலையில் அவர் மன்றாட, வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. அப்படிப்பட்டவரை அரசி ஈசபேல் கொல்லத் தேடினாள். அவர் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடினார். பாலை நிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் தனியாக உட்கார்ந்தார். இனி வாழ்ந்தது போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் இதைப் பார்க்கிறோம். வீட்டுக்குப் போனதும் அதை முழுவதுமாக ஒருமுறை வாசியுங்கள்.

அந்த நிலையில் ஆண்டவர் அவருக்கு என்ன செய்தார்? இவ்வளவு அற்புதங்களைப் பார்த்த பிறகும் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் வந்து தொட்டு எழுப்பினார். சுட்ட அப்பமும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். ஆண்டவர் அவரைத் தூங்கவிட்டார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து தொட்டார், சாப்பிடச் சொன்னார். அறிவுரை ஏதும் வருமுன் உணவும் உறக்கமும் ஆதரவாகத் தொடும் ஒரு கையும் வந்தன.

பிறகு எலியா ஓரேபு மலைக்குப் போய் ஒரு குகையில் தங்கினார். இங்கே என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் கேட்டார். முகாமில் வாழும் நம் சகோதரர்கள் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள். போர்தான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று நாமும் சாதாரணமாகக் கேட்டுவிடுகிறோம். ஆனால் ஆண்டவர் விரட்டுவதற்காகக் கேட்கவில்லை; பதிலைக் கேட்பதற்காகக் கேட்டார். எலியா தன் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினார். காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்து போயின. பின் மெல்லிய ஓசையில் ஆண்டவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். எலியா முன்பு சொன்னதையே, ஒரு வார்த்தை மாறாமல், திரும்பவும் சொன்னார். இதைத்தான் முன்னமே சொல்லிவிட்டாயே என்று ஆண்டவர் இடைமறிக்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, நாம் அப்படிக் கேட்கிறோமா? படகில் வந்த இரவைப் பற்றி ஒரு பெரியவர் பத்தாவது முறையாகச் சொல்ல ஆரம்பித்தால், பழைய கதை என்று எழுந்து போய்விடுகிறோம். உள்ளம் நொந்தவர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சிலர் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். "நித்திரை வருகுதில்லை ஃபாதர்", "ஒரே யோசனையா இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். சிலருக்குத் தீராத தலைவலி, நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத கோபம். சிலர் குடியில் விழுந்துவிடுகிறார்கள். இளைஞர்களின் வேதனை வேறு. இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டமும் பெற்று, குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். நடந்து முடிந்த போர் பெற்றோரை வருத்துகிறது. முடியாத காத்திருப்பு பிள்ளைகளை வருத்துகிறது.

ஆகவே பேச வருகிறவரைப் பொறுமையோடு கேளுங்கள். பேச விரும்பாதவரிடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று தோண்டாதீர்கள். கேட்டதை வேறொரு வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். தேர்பவனியின்போது முகாம் பக்கம் வெடி போடுவதை நிறுத்திவிடுவோம். குண்டுச் சத்தத்துக்குப் பதுங்கு குழியில் ஒளிந்தவர்களின் உடல், இது திருவிழா வெடிதான் என்று தெரிந்தும் நடுங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவரிடம் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் விசுவாசக் குறைவு அல்ல. மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தில் நமக்குக் கற்பிக்கிறது. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகச் சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் மக்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களைத் தங்கள் அயலாருக்கு ஆற்றுப்படுத்துநர்களாக ஆக்கியிருக்கிறது. வியட்நாமியர் படகுகளில் கடலில் தத்தளித்ததைக் கண்டு மனமிரங்கிய அருள்தந்தை பேத்ரோ அருப்பே, 1980இல் இயேசு சபையின் அகதிகள் பணியைத் தொடங்கினார். அந்தப் பணியாளர்கள் தங்கள் முதல் கடமையாகச் சொல்வது, கூட இருப்பதைத்தான்.

ஓரேபு மலையில் ஆண்டவர் எலியாவுக்கு ஆறுதலோடு வேலையும் கொடுத்தார். அருட்பொழிவு செய்ய அனுப்பினார். எலிசாவைத் துணையாகக் காட்டினார். நீ தனியாள் இல்லை, உன்னைப் போல் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று உணர்த்தினார். நாமோ கிறிஸ்துமஸுக்குச் சேலையும் அரிசியும் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். வாங்கிக்கொண்டே இருப்பது எந்த மனிதருக்கும் வேதனைதான். நம் பாடற்குழுவில், மறைக்கல்வி வகுப்பில், அன்பியக் கூட்டங்களில், பங்குப்பேரவையில் அவர்களுக்கு இடமும் பொறுப்பும் இருக்கட்டும்.

முகாமிலிருந்து வந்திருக்கும் என் அன்பு மக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்காக ஆண்டவர் உங்களை வெறுப்பதில்லை. அவருடைய இறைவாக்கினருக்கே அந்த எண்ணம் வந்தது. திருநூல் அதை மறைக்கவில்லை. அந்த எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். யாரிடமாவது சொல்லுங்கள். எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டுங்கள். காணாமற்போன பிள்ளையின் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது என்று தெரியாத தாய்மாரே, பட்டியல் எதுவும் வேண்டாம். பெயரை மட்டும் தாருங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பதை ஆண்டவர் அறிவார். இந்தப் பீடத்தில் அவருக்காகச் செபிப்போம்.

சூரைச் செடியின் அடியில் சாவைக் கேட்டவர்தான், பின்னாளில் உருமாற்றத்தின் மலையில் மோசேயோடு நம் ஆண்டவர் இயேசுவின் அருகில் மாட்சியோடு நின்றார். அன்று அந்த மனிதருக்கு அப்பம் அனுப்பிய இறைவன், இன்று தம் திருமகனின் உடலையே நம் எல்லோருக்கும் ஒரே பந்தியில் தருகிறார். அதை வாங்கிய கையோடு, இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் முகாமில் ஒரு வீட்டுக்குப் போய் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அடுத்த வாரமும் போங்கள். இரக்கமே உருவான இறைவன் நம் காதுகளையும் உள்ளங்களையும் திறப்பாராக. ஆமென்.