இரண்டை ஒன்றாக மாற்றினேன்

அக்கா பிசியோதெரபியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த சமயம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு நாள்தான் பாக்கி. நான் அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் வீட்டில் என்னிடம்தான் வரும். ஒரு எக்ஸெல் ஃபைலை அனுப்பிவிட்டு போன் செய்தாள்.

"டேய், இதுக்கு டி-டெஸ்ட் போடணுமாம். பி-வேல்யூ 0.05க்குக் கீழ வரணும்னு கைடு சொன்னாரு."

"என்ன வருதுன்னு பாரு" என்று அவள் சொல்லவில்லை. "வரணும்" என்றாள். அந்தச் சொல்லின் எடை அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஃபைலில் இரண்டு நெடுவரிசைகள். சிகிச்சை ஏ, சிகிச்சை பி. ஒவ்வொன்றின் கீழும் வலி எவ்வளவு குறைந்தது என்கிற எண்கள். எக்ஸெலின் டி.டெஸ்ட் ஃபங்ஷனுக்கு நான்கு விஷயங்கள் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் எண்கள் இருக்கும் இடங்கள். மூன்றாவது, வால் ஒன்றா இரண்டா. நான்காவது, வகை: 1 என்றால் ஜோடி, 2 என்றால் சிதறல் சமமான இரண்டு தனிக் குழுக்கள், 3 என்றால் சிதறல் சமமில்லாத இரண்டு தனிக் குழுக்கள். நான் 2, 3 என்று அடித்தேன். 0.07 வந்தது. மூன்றாவது இடத்திலிருந்த 2ஐ 1 ஆக்கினேன். விடை சரிபாதியாகி 0.035 ஆனது.

"வந்துடுச்சுக்கா."

"அப்பாடா. நீ நல்லா இருப்படா."

ஒரு நோயாளியின் எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. மென்பொருள் அனுமதிக்கும் ஒரு தெரிவை மட்டுமே மாற்றினேன். அப்படியானால் நான் செய்தது பொய்யா? இந்தக் கேள்வி வெகு நாள் கழித்துத்தான் என்னிடம் வந்தது. வந்தபின் போகவில்லை.

இரண்டு வால் சோதனை, வித்தியாசம் எந்தப் பக்கம் இருந்தாலும் கவனிக்கும். ஒரு வால் சோதனை ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும். அதைத் தேர்ந்தெடுப்பது ஒருவகை வாக்குறுதி: எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தாலும் அதைக் கண்டுபிடிப்பாகச் சொல்லமாட்டேன் என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே கொடுக்கும் வாக்கு. அந்த விலையைக் கொடுத்தால்தான் பி-வேல்யூ பாதியாகும் சலுகை கிடைக்கும். நான் விலை கொடுக்கவில்லை, சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டேன். விடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு வாலை ஒட்டுகிறவன், உண்மையில் வித்தியாசமே இல்லாத நூறு ஆய்வுகளில் சராசரியாகப் பத்தில் பொய் அலாரம் அடிப்பான். அறிக்கையில் ஐந்து என்று எழுதுவான். பொய் எண்களில் இல்லை. எப்போது முடிவெடுத்தேன் என்பதில் இருக்கிறது.

இந்தச் சோதனையை உருவாக்கியவர் வில்லியம் சீலி காசெட். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். பார்லி, ஹாப்ஸ் போன்றவற்றில் கிடைக்கும் மாதிரிகள் குறைவு, ஆனாலும் முடிவெடுத்தாக வேண்டும். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட நிறுவனம் விடவில்லை. 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். அதில் அவர் உதாரணமாக எடுத்துக்கொண்ட தரவு பீரைப் பற்றியதல்ல, தூக்கத்தைப் பற்றியது. அமெரிக்காவில் மிச்சிகனின் கலமாஸூ மனநலக் காப்பகத்தில் இருந்த பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகள் கொடுத்துப் பார்த்த எண்கள் அவை. இன்றைக்கும் ஆர் மென்பொருளை நிறுவினால் 'ஸ்லீப்' என்ற பெயரில் அந்தப் பத்துப் பேரும் கூடவே வந்துவிடுகிறார்கள்.

முதல் மருந்தில் கூடுதல் தூக்கம் சராசரியாக 0.75 மணி நேரம், இரண்டாவதில் 2.33 மணி நேரம். இருபது வெவ்வேறு ஆட்கள் என்று நினைத்துச் சோதித்தால் பி-வேல்யூ 0.079. அதே பத்துப் பேர்தான் இரண்டையும் சாப்பிட்டார்கள் என்று ஜோடியாக வைத்துச் சோதித்தால் 0.0028. காரணம் எளிது. ஒருவருக்கு எந்த மருந்திலும் நன்றாகத் தூக்கம் வருகிறது, இன்னொருவருக்கு எதிலும் சரியாக வருவதில்லை. ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த வேறுபாட்டை ஜோடிச் சோதனை கழித்துவிடுகிறது. ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிடுகிறது.

ஜோடி இல்லாமல், ஆனால் ஒரு வாலோடு சோதித்தால்? 0.04. அதாவது என் பழைய தந்திரம் இங்கேயும் பலிக்கும். இரண்டு வழியிலும் 0.05ஐத் தாண்டிவிடலாம். ஒன்று சரி, மற்றது ஏமாற்று. ஜோடிச் சோதனைக்கான காரணம் தரவு பிறந்த விதத்தில் இருக்கிறது, விடையைப் பார்க்காமலேயே அதைச் சொல்ல முடியும். ஒரு வாலுக்கான என் காரணமோ 0.07 என்ற விடையில் மட்டும்தான் இருந்தது.

இதைப் புரிந்துகொண்ட அன்று இரவே அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, அந்த தீசிஸ்ல ஏ குரூப், பி குரூப் வேற வேற பேஷன்ட்ஸா?"

"இல்லடா, ஒரே ஆளுங்கதான். ஒரு வாரம் ஏ, நடுவுல கேப் விட்டு அடுத்து பி. ஏன்?"

நான் கேட்டிருக்க வேண்டியது அந்த ஒரு கேள்விதான். கேட்டிருந்தால் ஜோடிச் சோதனை போட்டிருப்பேன், நேர்மையாகவே 0.05க்குக் கீழ் வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். ஃபைல் இப்போது இரண்டு பேரிடமும் இல்லை.

சரியாக வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் என் தவறு சிறியதாகிவிடுமா? கொஞ்ச நாள் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் அக்கரை சேர்ந்துவிட்டான் என்பதால் பார்த்துக் கடந்தவன் ஆகிவிடமாட்டான்.

அதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. முதல் தடவையே 0.03 வந்திருந்தால் நான் எதையாவது சந்தேகித்திருப்பேனா? மாட்டேன். அப்போதும் வகை தவறுதான், ஆனால் ஃபைலை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். பிடிக்காத விடையை மட்டும் திரும்பச் சரிபார்க்கிறவன், ஒவ்வொரு தடவையும் சரியான திருத்தத்தையே செய்தாலும், மொத்தத்தில் ஒரு பக்கம்தான் சாய்வான். ஆண்ட்ரூ கெல்மனும் எரிக் லோக்கனும் 2013இல் ஏறக்குறைய இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, போர்ஹேஸின் கதைத் தலைப்பையே அதற்கு வைத்தார்கள்: கிளைபிரியும் பாதைகளின் தோட்டம். ஏமாற்றும் எண்ணமே இல்லாத ஆளும் அந்தத் தோட்டத்தில் வழிதவறலாம் என்பது அவர்கள் வாதம். அதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. பிறகு, எனக்கு அந்த எண்ணம் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

இப்போது அலுவலகத்தில் சோதனை எதுவும் ஓட்டுவதற்கு முன், என்ன சோதனை, எத்தனை வால், ஜோடியா இல்லையா என்று ஒரு ஃபைலில் எழுதி கமிட் செய்துவிடுகிறேன். அதில் தேதி இருக்கும். டீமில் கிண்டல் செய்வார்கள். அக்காவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "நான் இப்பவும் என் பேஷன்ட்டுங்களுக்கு பி-தான்டா குடுத்துட்டிருக்கேன். அது சரியா, தப்பா?"

அதற்கு என்னிடம் எந்த எண்ணும் இல்லை.